ஃபேரோ தீவு ஃபுட்பால் லீக்: மகனோட நேர்ல போய் பாத்துட்டு வந்த அனுபவம், ரிவ்யூ

மேட்ச் முடிஞ்சு பத்து நிமிஷம்கூட ஆகல, கிளாக்ஸ்விக் டீம் டிஃபெண்டர் ஒருத்தர் வேலி ஓரமா நடந்து வந்து ரெண்டு வயசு இருக்கும் ஒரு குழந்தைய தூக்கிட்டாரு, அவரு சாக்ஸ்லேந்து கருப்பு கருப்பா ரப்பர் துகள் கொட்டுது, குழந்தை அதுல ஒண்ண எடுத்து வாய்ல வைக்கப் போகுது, அவரு தட்டி விடுறாரு, பக்கத்துல நின்ன ஒரு பாட்டி அவரு தோள்ல தட்டி ஏதோ சொல்றாங்க, அந்த முகத்த பாத்தா ரெண்டாவது பாதில ஒரு பந்த விட்டாருல்ல அதப் பத்தித்தான் சொல்றாங்கன்னு மொழி தெரியாமலே புரியுது. அவரு தலைய ஆட்டி கேட்டுக்குறாரு. நான் டிவில பத்து வருஷத்துக்கு மேல பாத்துட்டிருக்குற ஃபுட்பால்ல எனக்கும் பிளேயருக்கும் நடுவுல ஒரு கண்ணாடியும் மாசாமாசம் கட்டுற சந்தாவும் இருக்கு, இங்க இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி வேலி, அவ்ளோதான்.

சரி முதல்லேந்து சொல்றேன். நாங்க இருக்குறது கோபன்ஹேகன்ல, பையனுக்கு பதினொரு வயசு, இங்கிலீஷ் பிரீமியர் லீக் டேபிள தலைகீழா ஒப்பிப்பான். ஃபேரோ தீவுகள் டென்மார்க் ராஜ்ஜியத்துக்குள்ள இருந்தாலும் தனி பார்லிமென்ட், தனி மொழி, தனி ஃபுட்பால் டீம்னு தன்னாட்சியா இருக்குற நாடு, கோபன்ஹேகன்லேந்து ஃப்ளைட்ல ரெண்டு மணி நேரம் சொச்சம். 18 தீவு, மொத்த ஜனத்தொகை 55 ஆயிரம் பக்கம். நம்ம ஊர்ல ஒரு சின்ன நகராட்சி அளவுதான், அதுக்குள்ள பத்து டீம் வச்சு ஒரு டாப் டிவிஷன், அதுக்குக் கீழ இன்னும் மூணு டிவிஷன். இத படிச்சதுலேந்தே போகணும்னு இருந்துச்சு, போன வருஷம் ஜூன்ல ஒரு வாரம் லீவு போட்டு ரெண்டு பேரும் கிளம்பிட்டோம். ஊர் சுத்திப் பாக்கப் போறவங்க எழுதுன ரிவ்யூ நிறைய இருக்கு, அருவி, பஃபின் பறவை, புல்லு மொளைச்ச கூரை வீடுன்னு, லீக் மேட்ச் பாக்கன்னே போறவங்களுக்கு தமிழ்ல ஒண்ணும் கிடைக்கல, அதான் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

லீக் பேரு பெத்ரி டெய்லின், ஸ்பான்சர் பண்ற பேங்க் பேர வச்சு. மார்ச்ல ஆரம்பிச்சு அக்டோபர்ல முடியும், குளிர்காலத்துல அங்க காத்தும் இருட்டும் விளையாட விடாது. பத்து டீம், ஒவ்வொரு டீமும் மத்த டீமோட மூணு தடவ மோதும், ஆக 27 மேட்ச், கடைசி ரெண்டு இடத்துல இருக்குறவங்க கீழ் டிவிஷனுக்கு இறங்கணும். மூணு தடவங்குறதால யாருக்காவது ரெண்டு மேட்ச் சொந்த ஊர்ல கிடைக்கும், இன்னொருத்தருக்கு ஒண்ணுதான், இது சரியில்லன்னு எனக்கு தோணுது, ஆனா பத்து டீம வச்சு வேற என்ன பண்றதுன்னும் தெரியல.

ஏர்போர்ட்ல இறங்குனதுமே ஒரு சின்ன கஷ்டம். வாடகைக்கு கார் புக் பண்ணிருந்தேன், கன்ஃபர்ம்னு மெயில்லாம் வந்துச்சு, போய் பாத்தா கவுன்ட்டர்ல ஆளே இல்ல, போன் எடுக்கல, ஒண்ணரை மணி நேரம் நின்னுட்டு விட்டுட்டோம், அந்த கம்பெனி பேரு இங்க வேணாம். பஸ்ல போனோம், அது நல்லதாவே போச்சு, பஸ் நேரத்துக்கு வருது, சுத்தமா இருக்கு, தீவு தீவா கடலுக்கு அடில சுரங்கத்துல போறோம். தலைநகர் தோர்ஸ்ஹாவ்ன்லேந்து ஐஸ்டுராய் தீவுக்கு போற சுரங்கம் 11 கிலோமீட்டருக்கு மேல நீளம், 2020 டிசம்பர்ல திறந்தாங்க, நடுவுல கடலுக்கு அடியிலயே ஒரு ரவுண்டானா இருக்கு, பாறைத் தூண சுத்தி நீலமும் பச்சையுமா லைட்டு, அத சுத்தி ஆளுங்க கைகோத்து நிக்கிற மாதிரி இரும்புல உருவம். பையன் கண்ணாடில மூக்க ஒட்டிக்கிட்டே வந்தான். இந்த சுரங்கத்துக்கும் ஃபுட்பாலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, முன்னாடி தோர்ஸ்ஹாவ்ன்லேந்து ரூனாவிக் போக 55 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல, இப்ப 17 கிலோமீட்டர், கால் மணி நேரம். வேலை முடிச்சுட்டு சாயங்காலம் பக்கத்து தீவுல மேட்ச் ஆடிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்து காலைல திரும்ப வேலைக்குப் போற பிளேயர்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சு பாருங்க. பார்வையாளருக்கும் அப்படித்தான்.

ஏன்னா இங்க நிறைய பிளேயர்ஸ் முழு நேர ஆட்டக்காரங்க இல்ல. பெரிய கிளப்ல சில பேருக்கு சம்பளம் ஓரளவு வரும், மத்தவங்களுக்கு காலைல வேற வேலை, ஸ்கூல் வாத்தியார், கார்பென்டர், எலெக்ட்ரீஷியன், மீன் ஃபேக்டரி. மேட்சுக்கு மறுநாள் நாங்க பால் வாங்க சூப்பர் மார்க்கெட் போனப்ப பில் போடுற இடத்துல இருந்த பையன பாத்துட்டு என் மகன் என் சட்டைய இழுத்து "அப்பா, நேத்து சப்ஸ்டிட்யூட்டா வந்து கார்னர் அடிச்ச அண்ணன்"னு மெதுவா சொன்னான். நானும் பாத்தேன், ஆமா அவனேதான். மகன் டேனிஷ்ல "நேத்து நல்லா ஆடுனீங்க"ன்னு சொன்னான், அந்தப் பையன் முகம் அப்படியே செவந்துடுச்சு, "காத்துல கார்னர் சரியா வரல, ரெண்டு தடவ வெளிய போயிடுச்சு"ன்னு நிஜமாவே வருத்தமா சொன்னான். பால் பாக்கெட்ட பையில போட்டுக்கிட்டே.

இப்ப மேட்ச். நாங்க முதல்ல பாத்தது கிளாக்ஸ்விக் ஊர்ல, கேஐ டீமோட மைதானம். கிளாக்ஸ்விக் ரெண்டாவது பெரிய ஊரு, அஞ்சாயிரம் பேர்தான், மீன்பிடி ஊரு, ரெண்டு பக்கமும் செங்குத்தா பச்ச மலை, நடுவுல கிடைச்ச சமதளத்துல ஊரும் துறைமுகமும் மைதானமும். இந்த நாட்டுல எந்த ஊருக்குப் போனாலும் இது கண்ணுல படும், ஊர்ல இருக்குறதுலயே நல்ல சமமான நிலம் எதுவோ அதுல ஃபுட்பால் கிரவுண்ட் போட்ருப்பாங்க. நம்ம கிராமத்துல கோயில சுத்தி ஊர் இருக்குற மாதிரின்னு வச்சுக்கங்க. புல்லு எல்லாம் செயற்கைப் புல், ஏன்னா மேல ஒரு சாண் மண்ணு, கீழ பாறை, ஓயாத மழை, நிஜப் புல்ல வச்சு அத்தனை மேட்ச் ஆட முடியாது. அந்த செயற்கைப் புல்லுக்கு நடுவுல கொட்டி வைக்கிற ரப்பர் துகள்தான் நான் மேல சொன்னது, காபி கடை மேஜை மேல, பஸ் படில, எங்க ரூம் கார்ப்பெட்ல, என் மகன் பாக்கெட்ல எல்லா இடத்துலயும் அது இருந்துச்சு, பிளேயர்ஸ் எங்கெங்க நடக்குறாங்களோ அங்கெல்லாம் கூடவே வருது.

ஒரு பக்கம் கூரை போட்ட ஸ்டாண்ட், மத்த பக்கம் நின்னுக்கலாம். கொஞ்ச பேரு கார மைதானத்த பாத்த மாதிரி நிறுத்திட்டு உள்ளேயே உட்காந்து பாக்குறாங்க, வைப்பர் ஓடிட்டே இருக்கு, கோல் விழுந்ததும் எல்லா காரும் ஒண்ணா ஹாரன் அடிக்குது. முதல் தடவ அந்த ஹாரன் சத்தம் மலைல மோதி திரும்பி வந்தப்ப பையன் என்னைக் கட்டிப் புடிச்சுட்டான். கூட்டம் ஆயிரம் பேருக்குள்ளதான் இருக்கும்னு நினைக்கிறேன், ஆனா அஞ்சாயிரம் பேர் இருக்குற ஊர்ல அது எவ்ளோ பங்குன்னு பாருங்க. கைக்குழந்தையோட வந்த அம்மாங்க, ஊன்றுகோல் வச்ச தாத்தாங்க, ஸ்கூல் பசங்க கூட்டமா கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி. பந்து வெளிய போனா எடுத்துட்டு வர்ற பசங்க மழைக்கோட்டு போட்டுக்கிட்டு ஓடுறானுங்க, ஒருத்தன் பந்த குடுத்துட்டு பிளேயர் கிட்ட ஏதோ சொன்னான், பிளேயர் சிரிச்சுட்டு த்ரோ போட்டாரு.

ஆட்டத் தரம் எப்படின்னு நேரா சொல்றேன். ஐரோப்பாவோட பெரிய லீக் பாத்து பழகுன கண்ணுக்கு முதல் இருபது நிமிஷம் பாஸ் தப்புறது நிறைய தெரியும். அப்புறம்தான் காத்த கவனிக்க ஆரம்பிச்சோம். அந்த மைதானத்துல காத்துதான் இருபத்தி மூணாவது ஆள். கார்னர் அடிக்க பந்த வச்சா அது தானா உருளுது, இன்னொருத்தர் வந்து விரலால புடிச்சுக்கணும். கீப்பர் தூக்கி அடிச்ச பந்து நடு கோட்ட தாண்டி, அங்க ஒரு நொடி தொங்கி, அப்படியே பின்னாடி வந்துச்சு, நான் இத கண்ணால பாத்தேன். அதனால டாஸ் ஜெயிச்சதும் எந்தப் பக்கம் நிக்கிறதுங்குறது பெரிய முடிவு, முதல் பாதில காத்து கூட இருந்தா தூரத்துலேந்தே ஷாட் அடிக்கிறாங்க, ரெண்டாவது பாதில அதே டீம் பந்த தரைய விட்டு தூக்காம சின்ன சின்ன பாஸா கொண்டு போறாங்க. ஒரே டீமு, ரெண்டு வேற ஆட்டம். இத புரிஞ்சுக்கிட்டு பாத்தா ஒவ்வொரு பாஸுக்குப் பின்னாடியும் எவ்ளோ யோசனை இருக்குன்னு தெரியும். நனைஞ்ச செயற்கைப் புல்லுல பந்து சறுக்கிட்டு வேகமா போறத கால்ல நிறுத்துறதுல இவங்க எல்லாருமே கெட்டிக்காரங்க, அது மட்டும் எந்த லீக்கோட ஒப்பிட்டாலும் கொறச்சல் இல்ல. ஒடம்பு உறுதி, கடைசி நிமிஷம் வரைக்கும் ஓட்டம், கீழ விழுந்து நடிக்கிறது நான் பாத்த மூணு மேட்சுலயும் ஒண்ணுகூட இல்ல.

எங்க பக்கத்துல நின்னுட்டிருந்த ஒரு பெரியவரு, எழுபது வயசுக்கு மேல, கம்பளி ஸ்வெட்டர், நாங்க தமிழ்ல பேசிக்கிறத கேட்டுட்டு எந்த மொழின்னு டேனிஷ்ல கேட்டாரு. அங்க எல்லாரும் ஸ்கூல்ல டேனிஷ் படிக்கிறாங்க, அவங்க பேசுற டேனிஷ் எழுத்த அப்படியே வாசிக்கிற மாதிரி தெளிவா இருக்கும், கோபன்ஹேகன் ஆளுங்க பாதி எழுத்த முழுங்குறத விட எனக்கு இது சுலபமா புரிஞ்சுது. அவரு என் மகன் கிட்ட "உனக்கு 1944 கதை தெரியுமா"ன்னு ஆரம்பிச்சாரு. இந்த சாம்பியன்ஷிப் 1942ல தொடங்குனது, ரெண்டாம் உலகப் போர் நேரம், டென்மார்க்க ஜெர்மன்காரன் புடிச்சுட்டான், ஃபேரோ தீவுல பிரிட்டிஷ் படை வந்து இறங்கியிருக்கு, அந்த நேரத்துல ஆரம்பிச்ச முதல் சாம்பியன்ஷிப்ப ஜெயிச்சது இதே கேஐ. ஆனா 1944ல மட்டும் போட்டி நடக்கல. ஏன் தெரியுமா, பந்து கிடைக்கல. போர் காலத்துல நாட்டுக்குள்ள பந்து வரல, இருந்த பந்து தேஞ்சு போச்சு, அதனால அந்த வருஷம் சாம்பியனே கிடையாது. பையன் "ஒரு பந்து கூடவா இல்ல?"ன்னு கேட்டான், பெரியவரு கைய விரிச்சுக் காமிச்சாரு. அன்னிக்கு ராத்திரி தூங்குற வரைக்கும் இதையேதான் சொல்லிட்டிருந்தான்.

பழைய கதைன்னா இன்னொண்ணு சொல்லணும், இந்த லீக்லேந்து வந்தவங்க பண்ணது. 1988ல உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபாலயும் 1990ல ஐரோப்பிய அமைப்பான யூஃபாலயும் ஃபேரோ சேந்தது. முதல் பெரிய போட்டி 1990 செப்டம்பர் 12, ஐரோப்பியக் கோப்பை தகுதிச் சுற்று, எதிரி ஆஸ்திரியா, அந்த வருஷம்தான் உலகக் கோப்பை ஆடிட்டு வந்த டீம். சொந்த ஊர்ல ஆட முடியாது, ஏன்னா அப்ப யூஃபா நிஜப் புல்லு கேக்குது, இங்க அது கிடையாது, அதனால ஸ்வீடன்ல லாண்ட்ஸ்க்ரோனா ஊர்ல போய் சொந்த மேட்ச ஆடுனாங்க. 1-0 ஜெயிச்சாங்க. கோல் அடிச்ச தோர்கில் நீல்சன் மரம் விக்கிற கம்பெனில சேல்ஸ்மேன், செஸ்லயும் நல்ல ஆட்டக்காரரு. கோல் கீப்பர் யென்ஸ் மார்ட்டின் க்னுட்சன், மேல குஞ்சம் வச்ச வெள்ளை கம்பளிக் குல்லா போட்டுக்கிட்டே ஆடுவாரு, முன்னாடி தலைல அடிபட்டதுலேந்து வந்த பழக்கம். அதுக்கு அடுத்த வருஷமே தோஃப்டிர் ஊர்ல பாறைய வெட்டி சமமாக்கி நிஜப் புல்லு வச்ச ஸ்வங்காஸ்கார்த் மைதானத்த கட்டிட்டாங்க. பஸ்ல போறப்ப அத பாத்தோம், ஊருக்கு மேல உச்சில, சுத்தி பாறை.

2023 பத்தி சொல்லாம கேஐ பத்தி எழுத முடியாது. அந்த வருஷம் ஐரோப்பாவோட பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் முதல் தகுதிச் சுற்றுல ஹங்கேரியோட ஃபெரன்ஸ்வாரோஷ் கூட மோதல். கிளாக்ஸ்விக்ல 0-0. அடுத்தது புடாபெஸ்ட்ல. அந்த ஸ்டேடியத்துல கிளாக்ஸ்விக் மொத்த ஊர மாதிரி நாலு மடங்கு ஜனம் உட்காரலாம். அங்க போய் 3-0ன்னு ஜெயிச்சுட்டாங்க, அந்த டீம் கோச் செர்ச்செசோவ், முன்னாடி ரஷ்யா டீம உலகக் கோப்பை கால் இறுதிக்கு கொண்டு போனவரு, அவரு வேலையே போச்சு. அடுத்த சுற்றுல ஸ்வீடன் சாம்பியன் ஹெக்கன், 0-0, 3-3, பெனால்டில ஜெயிச்சாங்க. அதோட யூரோப்பியன் குரூப் சுற்று உறுதி, ஃபேரோ நாட்டுலேந்து அந்த இடத்துக்கு போன முதல் கிளப். அதுக்கப்புறம் நார்வே சாம்பியன் மோல்டேவ முதல் மேட்சுல 2-1 ஜெயிச்சு, ரெண்டாவதுல எக்ஸ்ட்ரா டைம்ல தோத்தாங்க. அப்படி இறங்கி ஐரோப்பாவோட மூணாம் நிலை போட்டியான கான்ஃபரன்ஸ் லீக் குரூப்புக்கு வந்தாங்க, அங்க பிரான்ஸோட லீல் டீம 0-0ல நிறுத்துனாங்க, ஸ்லொவேனியாவோட ஒலிம்பியாவ 3-0 ஜெயிச்சாங்க. அந்த குரூப்ல சொந்த ஊர் மேட்செல்லாம் யூஃபா விதிக்காக தோர்ஸ்ஹாவ்ன் தேசிய மைதானத்துலதான் நடந்துச்சு. கிளாக்ஸ்விக்ல ஒரு கடைக்கண்ணாடில அந்த வருஷத்து போட்டோ இன்னும் ஒட்டிருக்காங்க, வெயில்பட்டு நிறம் மங்கிப் போச்சு, எடுக்க மனசு வரலன்னு கடைக்காரம்மா சொன்னாங்க.

ஆனா இதே விஷயத்துலதான் எனக்கு இந்த லீக் மேல இருக்குற பெரிய கவலையும். அந்த குரூப் சுற்றுக்கு போன டீமுக்கெல்லாம் கிட்டத்தட்ட 30 லட்சம் யூரோ கிடைச்சுது. மீன் ஃபேக்டரி வேலை முடிச்சுட்டு வந்து ஆடுற பசங்க இருக்குற லீக்ல ஒரு கிளப் கைல அவ்ளோ காசு வந்தா மத்த ஒன்பது கிளப் என்ன பண்ணும்? வெளிநாட்டு பிளேயர் வாங்கலாம், முழு நேர சம்பளம் குடுக்கலாம், நல்ல உள்ளூர் பசங்கள சேத்துக்கலாம். 2021, 2022, 2023 மூணு வருஷமும் கேஐதான் சாம்பியன். 2024ல விக்கிங்குர் ஜெயிச்சு கொஞ்சம் மூச்சு விட வச்சுது. அதுவும் சின்ன ஊர் டீம்தான், கோத்தா ஊர் கிளப்பும் லெய்ர்விக் ஊர் கிளப்பும் 2008ல ஒண்ணா சேந்து உண்டான டீமு. இருந்தாலும் மேல இருக்குற மூணு நாலு டீமுக்கும் கீழ இருக்குற டீமுக்கும் வித்தியாசம் ரொம்ப தெரியுது, நாங்க பாத்த ஒரு மேட்ச் முக்கால் மணி நேரத்துலயே முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் கீழ் டீம் கீப்பர் பாவம் பந்த வலைலேந்து எடுத்துட்டே இருந்தாரு. ஒவ்வொரு தடவயும் எடுத்து, துடைச்சு, நடு வட்டத்துக்கு அவரே நல்லா குறி பாத்து அடிச்சாரு. கூட்டம் அவருக்கு கைதட்டுச்சு, எதிர் டீம் கூட்டமும்தான்.

தோர்ஸ்ஹாவ்ன்ல குந்தாதாலூர் மைதானத்துல எச்பிக்கும் பி36க்கும் நடந்த மேட்ச் எங்களுக்கு ரெண்டாவது. இந்த ரெண்டு டீமும் ஒரே மைதானத்த பங்கு போட்டுக்குறவங்க, எச்பி 1904ல ஆரம்பிச்சது, சிவப்பு கருப்பு, 24 தடவ சாம்பியன், நாட்டுலயே அதிகம். பி36, பேர்லயே இருக்கு, 1936, கருப்பு வெள்ளை, 11 தடவ. அண்ணன் எச்பி, தம்பி பி36ன்னு ஒரே வீட்டுக்குள்ள பிரிஞ்சிருப்பாங்களாம். இங்க கொடி, மேளம், பாட்டு எல்லாம் உண்டு, சத்தமும் ஜாஸ்தி, ஆனா இடைவேளைல ரெண்டு கலர் ஸ்கார்ஃபும் ஒரே வரிசைல காபிக்கு நிக்குது. ஜூன்ங்குறதால ராத்திரி பத்து மணிக்கும் நல்ல வெளிச்சம், மேட்ச் முடிஞ்சு நடந்தே ரூமுக்கு வந்தோம், வழில சின்ன பசங்க தெருவுல அதே மேட்ச திரும்ப ஆடிட்டிருந்தாங்க, என் மகனையும் கூப்ட்டுக்கிட்டாங்க, நான் ஒரு படிக்கட்டுல உட்காந்து பதினோரு மணி வரைக்கும் பாத்துட்டிருந்தேன். உண்மைய சொன்னா அந்த ட்ரிப்லயே எனக்கு ரொம்ப புடிச்ச ஆட்டம் அதுதான்.

மூணாவது மேட்ச் ரூனாவிக்ல, என்எஸ்ஐ டீம். இந்த லீக் வரலாற்றுலயே அதிக கோல் அடிச்ச கிளெமிண்ட் ஓல்சன் இந்த கிளப் ஆளு, 200 கோலுக்கு மேல. மேட்ச் சாதாரணம்தான், மழை வேற விடல, பாதிலயே நனைஞ்சுட்டோம்.

ஒரு நாள் மேட்ச் இல்லாததால ஐதி ஊருக்கு போனோம். கடலுக்கும் குளத்துக்கும் நடுவுல ஒட்டுன மாதிரி ஒரு பழைய ஃபுட்பால் மைதானம், போட்டோல நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க, உலகத்துலயே அழகான மைதானம்னு சுத்தி சுத்தி வரும். இப்ப அங்க லீக் மேட்ச் கிடையாது, டென்ட் போட்டு தங்குற இடமா ஆக்கிட்டாங்க. அந்த ஊர் கிளப் 1993ல பக்கத்து ஊர் கிளப்போட சேந்து ஈபி ஸ்ட்ரேய்முர்னு ஆகி, மேட்செல்லாம் ஸ்ட்ரேய்ம்னெஸ் மைதானத்துக்கு போயிடுச்சு, அவங்க 2008லயும் 2012லயும் சாம்பியன் ஆனாங்க. பழைய மைதானத்துல ஆடுன காலத்துல பந்து கடலுக்குப் போனா எடுக்க படகுல ஆள் போவாங்களாம். நாங்க போனப்ப கோடு போட்ட இடத்துல யாரோ துணி காயப் போட்டிருந்தாங்க. மகன் கோல் லைன் எங்க இருந்திருக்கும்னு காலால அளந்து பாத்து ஒரு கல்ல வச்சுட்டு வந்தான்.

போறவங்களுக்கு சில விஷயம். மே கடைசிலேந்து ஆகஸ்ட் வரைக்கும் போங்க, மார்ச் ஏப்ரல் மேட்ச் குளிர் தாங்காது. குடை கொண்டு போகாதீங்க, காத்து பிச்சு எறிஞ்சுடும், நல்ல மழைக்கோட்டும் தண்ணி ஏறாத ஷூவும் போதும். டேனிஷ் குரோன் செல்லும், அவங்க நோட்டும் அதே மதிப்புதான், ஆனா அவங்க நோட்ட கோபன்ஹேகன் கடைல வாங்க யோசிப்பாங்க, அங்கேயே செலவு பண்ணிடுங்க. டிக்கெட்டு வாசல்லயே கிடைச்சுது, நாங்க எதுக்கும் முன்கூட்டி வாங்கல. சாப்பாடுன்னா ஹாட் டாக், வாஃபிள், காபி, சைவம் சாப்பிடுறவங்களுக்கு வாஃபிள் மட்டும்தான், நான் எலுமிச்சை சாதம் கட்டிட்டுப் போனேன், பெரியவருக்கும் குடுத்தேன், ஊறுகாய் தொட்டுட்டு கண்ணுல தண்ணி வர வர முழுசும் சாப்ட்டாரு. மேட்ச் நேரம் வானிலைய பொறுத்து மாறும், அறிவிப்பு ஃபேரோ மொழிலதான் வரும், தங்குற இடத்துல யாரையாவது கேட்டுடுங்க. டாய்லெட் மூணு மைதானத்துலயும் சுத்தம். குழந்தைங்களோட போறதுக்கு இதவிட பயமில்லாத ஸ்டேடியம் நான் பாத்ததில்ல, மகன் என் கண்ணுக்கு மறைஞ்சு அரை மணி நேரம் கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி உள்ளூர் பசங்களோட இருந்தான், எனக்கு ஒரு பதட்டமும் வரல.

மார்க்குன்னு கேட்டா ஆட்டத் தரத்துக்கு 5க்கு 3, மைதானத்துல இருக்குற அனுபவத்துக்கு 5க்கு 5, போட்டி சமமா இருக்குறதுக்கு 2. கடைசி மார்க் போடுறப்ப மனசு கஷ்டமாத்தான் இருக்கு. இதே லீக்கும், இந்த சின்ன மைதானங்கள்ல வளந்து வெளிநாட்டுக்குப் போன பசங்களும் சேந்துதான் 2025 அக்டோபர்ல மோன்டிநெக்ரோவ 4-0, அதுக்கு மூணு நாள் கழிச்சு செக் நாட்ட 2-1ன்னு தோர்ஸ்ஹாவ்ன்ல சாய்ச்சாங்க, உலகக் கோப்பை தகுதிச் சுற்றுல 12 பாயிண்ட் எடுத்தாங்க. அந்த செக் மேட்ச வீட்டுல பாத்தோம், மகன் சோஃபா மேல நின்னுக்கிட்டு, கையில அந்த ஊர் ஸ்கார்ஃப்.

பாக்கி இருக்குறது ஒண்ணு. நாட்டுலயே பழைய கிளப் டிபி, 1892ல ஆரம்பிச்சது, தெக்கு கோடில சுதுராய் தீவுல துவோரோய்ரி ஊர்ல, 1976ல லீக் இப்ப இருக்குற மாதிரி மாறுனப்ப முதல் சாம்பியன் அவங்கதான். அந்த தீவுக்கு இன்னும் சுரங்கம் கிடையாது, தோர்ஸ்ஹாவ்ன்லேந்து கப்பல்ல ரெண்டு மணி நேரம், கடல் மோசமா இருந்தா கப்பல் நிக்கும், டீமும் நிக்கும். இந்த தடவ நாங்க ட்ரை பண்ணோம், அன்னிக்குன்னு பாத்து காத்து, கப்பல் போகல. அடுத்த ஜூன்ல ரெண்டு நாள் கூட வச்சு போறோம், கோபன்ஹேகன், மால்மோ பக்கம் இருக்குற குடும்பங்க யாராவது பசங்களோட வர்றதா இருந்தா கமென்ட்ல சொல்லுங்க, சேந்தே டிக்கெட் போட்ருவோம்.